மேடையும் மனையும்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் பேருந்தில் போகிறவர்கள், மலை ஏறத் தொடங்குமுன் சாலையோரத்தில் ஒரு நுழைவு வளைவைப் பார்த்திருப்பார்கள். மாடர்ன் தியேட்டர்ஸின் வளைவு அது. டி. ஆர். சுந்தரம் 1935இல் தொடங்கிய அந்தப் படநிறுவனத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் எடுக்கப்பட்டன. மலையாளத்தின் முதல் பேசும் படமான ‘பாலன்’ 1938இல் அங்கிருந்துதான் வந்தது. ‘மந்திரி குமாரி’யும், தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ படமும் அங்கே உருவானவை. நடிகர், பாடகர், சண்டைக்காரர், தச்சர், தையற்காரர் என்று ஒரு சிற்றூரே அந்த வளாகத்துக்குள் பிழைத்தது. 1980களின் தொடக்கத்தில் நிறுவனம் நின்றது. நிலம் கைமாறி மனைகளானது. வளைவு மட்டும் மிஞ்சியது.

மாடர்ன் தியேட்டர்ஸ் கலைஞர்கள் நடத்திய அமைப்பு அல்ல. முதலாளி ஒருவரின் நிறுவனம் அது, கலைஞர்கள் அங்கே சம்பளக்காரர்கள். இருந்தும் இந்தக் கட்டுரையை அங்கிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. கலை நடந்த ஓர் இடம் எப்படி இல்லாமல் போகிறது என்பதை அந்த வளைவைப்போலக் காட்டுவது வேறில்லை. அந்த இடத்தை அழித்தது தணிக்கையோ தடை உத்தரவோ அல்ல. நிலத்தின் விலை போதுமானதாக இருந்தது. ஒரு நகரத்தின் பண்பாட்டுக் கொள்கை எங்கே இருக்கிறது என்று கேட்டால் நாம் விருதுப் பட்டியலையும் விழா அழைப்பிதழையும் காட்டுகிறோம். கலைஞர்களின் அமைப்புகளை வாழவைப்பதும் சாகவிடுவதும் பெரும்பாலும் பத்திரப்பதிவு அலுவலகமும் காவல் நிலையமும் வரிச்சட்டமும்தான். அதைத்தான் இங்கே விரித்துச் சொல்ல விரும்புகிறேன்.

இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே போனால், மே மாதத்தில் ஏற்காடு வேறு ஊராக மாறியிருக்கும். அண்ணா பூங்காவில் மலர்க் கண்காட்சி, ஏரியில் படகுப் போட்டி, கலையரங்கத்தில் நாள்தோறும் நிகழ்ச்சிகள். மாவட்ட நிர்வாகமும் சுற்றுலா, தோட்டக்கலை, கலை பண்பாட்டுத் துறைகளும் சேர்ந்து நடத்தும் கோடை விழா அது. கரகம், காவடி, தப்பாட்டம், தெருக்கூத்து எல்லாம் அந்த மேடைக்கு வருகின்றன. ஊதியம் உண்டு, போக்குவரத்து உண்டு, மரியாதை உண்டு. நேரம் மட்டும் குறைவு. விடியவிடிய ஆட வேண்டிய கூத்து அரைமணி, முக்கால்மணி நேரத்துக்குள் சுருங்க வேண்டும். கட்டியங்காரன் நுழைந்து, வேடம் திரைக்குப் பின்னிருந்து பாடி, தன் வரவைச் சொல்லி முடிப்பதற்கே அந்த நேரம் போதாது. எனவே ஆட்டத்தின் உச்சத்தை மட்டும் பிய்த்தெடுத்துக் கொடுக்கிறார்கள். பார்ப்பவர் கைதட்டுகிறார். அவர் பார்த்தது கூத்தா என்பது வேறு கேள்வி.

அதே மே மாதத்தில், சேர்வராயன் மலையின் உச்சியில் இன்னொரு விழா நடக்கிறது. குகைபோன்ற தாழ்ந்த கருவறைக்குள் சேர்வராயனும் காவேரியம்மனும் இருக்கும் கோயிலுக்கு, மலையாளிப் பழங்குடி மக்கள் மலைக்கிராமங்களிலிருந்து திரண்டு வருகிறார்கள். அங்கே எப்போது மேளம் அடிப்பது, யார் ஆடுவது, எவ்வளவு நேரம் என்பதையெல்லாம் ஊர்க்காரர்களின் வழக்கமே தீர்மானிக்கிறது. நிகழ்ச்சி நிரல் அச்சிடப்படுவதில்லை.

தமிழக அரசில் இந்த இரண்டு விழாக்களுக்கும் நடுவே பண்பாடு எங்கே நிற்கிறது என்பதற்கு ஒரு துறையின் பெயரே விடை சொல்கிறது: சுற்றுலா, பண்பாடு மற்றும் அறநிலையங்கள் துறை. ஒரு பக்கம் சுற்றுலா, மறுபக்கம் கோயில், இடையில் பண்பாடு. நிர்வாக வசதிக்காகச் செய்த ஏற்பாடுதான். ஆனால் பெயருக்கு ஏற்றபடியே பார்வையும் அமைந்துவிடுகிறது. கலை ஒன்று வருகிறவர்களுக்குக் காட்டுவதற்கு, அல்லது சாமிக்கு நேர்ந்துகொள்வதற்கு. கலைஞர்கள் கூடி, தங்களுக்காகவே ஓர் அமைப்பை நடத்தி, ஆண்டு முழுக்கப் பயில்வதற்கும் சண்டை போட்டுக்கொள்வதற்கும் புதிதாக ஒன்றைச் செய்துபார்த்துத் தோற்பதற்கும் ஓர் இடம் வேண்டும் என்ற எண்ணத்துக்கு அந்தப் பெயரில் இருக்கை இல்லை.

அப்படி ஓர் அமைப்பு நமக்குப் புதிதா? இல்லை. கூத்து ஜமா அதுதான். சேலம் மாவட்டத்திலும் அதைச் சுற்றிய பகுதிகளிலும் தெருக்கூத்தும் பாவைக்கூத்தும் ஜமாக்களால்தான் வாழ்ந்துவருகின்றன. வாத்தியார் ஒருவர் இருப்பார். வேடப்பெட்டி பெரும்பாலும் அவருடையது. கட்டைகள், கிரீடம், மார்புப் பதக்கம், துணிமணி எல்லாம் அதற்குள். பருவம் தொடங்குமுன் முன்பணம் கொடுத்து ஆட்களை அமர்த்துவது, ஆட்டத்துக்கு ஆட்டம் பங்கு பிரிப்பது என்று பகுதிக்குப் பகுதி முறை மாறும். பெட்டிக்கு ஒரு பங்கு, வாத்தியாருக்குக் கூடுதல், வேடத்துக்கு ஏற்ப மற்றவர்களுக்கு. யாருக்கு எந்த வேடம் என்பதை ஜமா தீர்மானிக்கும். எந்த ஊருக்கு வெற்றிலை பாக்கு வாங்குவது என்பதையும் ஜமாவே தீர்மானிக்கும். பையன்கள் கோமாளியின் எடுபிடியாகத் தொடங்கி, பின்பாட்டுப் பாடி, பெண்வேடம் கட்டி, ஒரு நாள் கர்ணனாக நிற்பார்கள். பள்ளி, நிறுவனம், கூட்டுறவு மூன்றும் அதற்குள் அடக்கம். அதற்குள் சாதியும் கடனும் உண்டு. வாத்தியாரின் எதேச்சாதிகாரமும் உண்டு. அவற்றை மறைத்து ஜமாவைப் புகழ வேண்டியதில்லை. ஆனால் கலைஞர்கள் தாங்களே நடத்தும் அமைப்பு என்ற சொல்லுக்கு இதைவிடப் பழைய எடுத்துக்காட்டு நம் ஊரில் கிடைக்காது.

இந்த ஜமாவை அரசு எப்படிப் பார்க்கிறது? பெரும்பாலும் பார்ப்பதில்லை. அதற்குள் இருக்கும் தனி ஆளைப் பார்க்கிறது. 1955இல் தொடங்கிய மாநில சங்கீத நாடக சங்கம்தான் பிறகு இயல் இசை நாடக மன்றம் ஆனது. 1991இல் கலை பண்பாட்டுத் துறை தனி இயக்ககமாகியது. 2007இல் நாட்டுப்புறக் கலைஞர்கள் நலவாரியம் வந்தது. மாவட்டக் கலை மன்றங்கள் வயதுக்கு ஏற்ப ஐந்து விருதுகள் தருகின்றன: கலை இளமணி, கலை வளர்மணி, கலைச் சுடர்மணி, கலை நன்மணி, கலை முதுமணி. மாநில அளவில் கலைமாமணி. நலிந்த கலைஞர்களுக்கு மாத உதவித்தொகை, வாரிய அட்டை வைத்திருப்பவர்களுக்குக் கல்வி, திருமண உதவிகள். இவை எதையும் குறைத்துச் சொல்லமாட்டேன். முதுமையில் மாதந்தோறும் வரும் ஒரு சிறு தொகை என்னவென்று கூத்துக்காரர் வீட்டில் கேட்டுப்பார்த்தால் தெரியும். சிறந்த கலை நிறுவனத்துக்கும் நாடகக் குழுவுக்கும் கேடயம் தரும் வழக்கமும் உண்டு. புதிய நாடகம் போட நிதி உதவியும் உண்டு. ஆனால் மொத்தமாகப் பார்த்தால் பணமும் கவனமும் ஆளுக்குத்தான் போகின்றன. அட்டை ஆளின் பெயரில், விருது ஆளின் பெயரில், உதவித்தொகை ஆளின் பெயரில். ஆள் மூப்படைந்து உதவித்தொகை வாங்கும்போது, அவர் வாழ்ந்த ஜமா கலைந்துபோயிருக்கும். கலைஞரைக் காப்பாற்றி அமைப்பைக் கைவிடும் கொள்கை இது.

அமைப்பை அரசு கவனிக்கும் இடமும் ஒன்று உண்டு. அது இரவு பத்து மணி. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன. பண்பாட்டு, சமய விழாக்களுக்கு மாநில அரசு நள்ளிரவு வரை தளர்த்தலாம், அதுவும் ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மேல் கூடாது. உச்ச நீதிமன்றம் 2005இல் இதை உறுதி செய்தது. விதியின் நோக்கம் சரியானது. நோயாளியும் படிக்கும் பிள்ளையும் தூங்க வேண்டும். நெருக்கமான நகரத் தெருவுக்கு இந்த விதி தேவை. ஆனால் கூத்து களரியில் முதல் வேடம் நுழைவதே பத்து மணிக்குப் பிறகுதான். பதினெட்டாம் போர் விடியலில் முடிய வேண்டும். கர்ண மோட்சத்தில் கர்ணன் விழும்போது கிழக்கு வெளுத்திருக்க வேண்டும். அந்தக் காலக்கணக்கு கதையின் உடம்பிலேயே இருக்கிறது. வயற்காட்டு நடுவே, ஊரே உட்கார்ந்து பார்க்கும் கருமாதிக் கூத்துக்கும் நகரத்துத் தெருமுனைக் கச்சேரிக்கும் ஒரே கடிகாரத்தை வைத்தால், சட்டப்படி பாரதக்கூத்தே இருக்க முடியாது. நடைமுறையில் என்ன ஆகிறது? காவல் நிலையத்தின் கருணையில் கூத்து நடக்கிறது. கருணை கிடைக்காத ஊரில் பாதியில் நிற்கிறது. கோயில் திருவிழாவில் கலைநிகழ்ச்சிக்கு அனுமதி கேட்டு ஊர்க்காரர்கள் உயர் நீதிமன்றம் வரை போவது தமிழகத்தில் வாடிக்கையாகிவிட்டது. ஜமா ஒரு பருவத்துக்கான தேதிகளை வாங்கும்போது, அதில் எத்தனை முழுசாக நடக்கும் என்பது அதற்கே தெரியாது. பங்கு பிரிக்கும் கணக்கில் இது நேரடியாக விழுகிறது.

நாடகக் குழுக்களுக்கு இதைவிடப் பழைய சுமை ஒன்று இருந்தது. எம். ஆர். ராதாவின் நாடகங்களை ஒட்டி எழுந்த 1954ஆம் ஆண்டின் நாடக நிகழ்ச்சிகள் சட்டம், நாடகம் போடுமுன் கதையைக் காவல்துறையிடம் கொடுத்து அனுமதி வாங்கும் நிலையை உண்டாக்கியது. ராதா போனார், அந்த ஆட்சியும் போனது, சட்டம் மட்டும் இருந்துகொண்டே இருந்தது. பரீக்ஷா நாடகக் குழுவை நடத்திய ஞாநி தொடுத்த வழக்கில், 2013இல்தான் நீதிபதி கே. சந்துரு அதன் முக்கியப் பிரிவுகளைச் செல்லாது என்று தீர்த்தார். நீதிமன்றத்துக்குப் போனது ஒரு சிறு குழு. தனக்கென்று அரங்கம்கூட இல்லாத குழு. தமிழக நாடகக்காரர்கள் எல்லோருக்குமான விடுதலையை அது வாங்கித்தந்தது. அமைப்பாக இருந்ததால்தான் முடிந்தது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும்.

இனி நிலத்துக்கு வருகிறேன். இந்த விஷயத்தில் தமிழகம் உலகுக்கே காட்டக்கூடிய ஓர் உதாரணம் உண்டு. அது மலையில் இல்லை, கடற்கரையில் இருக்கிறது.

சென்னை அரசு கலைத்தொழில் கல்லூரிக்கு கே. சி. எஸ். பணிக்கர் 1957இல் முதல்வரானார். அலெக்சாண்டர் ஹண்டர் 1850இல் தொடங்கிய பள்ளியின் வழிவந்த கல்லூரி அது. பணிக்கருக்கு முன் தேவிபிரசாத் ராய் சௌத்ரி நெடுங்காலம் அதன் முதல்வராக இருந்தார். பணிக்கரின் கவலை எளிமையானது. ஐந்தாறு ஆண்டுகள் ஓவியமும் சிற்பமும் கற்ற பிள்ளைகள் வெளியே போய் என்ன செய்வார்கள்? அன்றைய சென்னையில் படம் வாங்குகிறவர் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். சிலருக்கு நெசவாளர் சேவை மையத்தில் வேலை கிடைத்தது. ஆதிமூலமும் ரெட்டப்ப நாயுடுவும் அங்கே இருந்தவர்கள்தான். மற்றவர்கள் விளம்பரப் பலகைக்கும் சினிமா பேனருக்கும் போனார்கள், அல்லது தூரிகையைக் கீழே வைத்தார்கள். 1944இலேயே முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்கியிருந்த பணிக்கர், இம்முறை கண்காட்சி மட்டும் போதாது என்று கண்டார். பாட்டிக் துணி, தோல், மண், உலோகக் கைவினைப் பொருட்களைச் செய்து விற்று, அந்தப் பணத்தைச் சேர்த்து, கலைஞர் கைவினைஞர் சங்கம் ஒன்றை அமைத்து, 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் ஏறத்தாழ 10 ஏக்கர் மணல்வெளியை வாங்கினார்கள். 30க்கும் மேற்பட்ட ஓவியர்களும் சிற்பிகளும் சேர்ந்த சோழமண்டலம் ஓவியர் கிராமம் அப்படித்தான் பிறந்தது.

அன்று ஈஞ்சம்பாக்கம் நகரமல்ல. மீனவர் குப்பங்களும் சவுக்குத் தோப்பும் மணல்மேடும்தான். பகலில் பாட்டிக், மாலையில் ஓவியம் என்று வாழ்ந்தார்கள். கைத்தொழில் வயிற்றைப் பார்த்துக்கொண்டது, வயிறு நிறைந்த நேரத்தில் கலை சுதந்திரமாக இருந்தது. வாங்குபவரின் விருப்பத்துக்கு வளைந்துகொடுக்கத் தேவையில்லாதபடி பாட்டிக் ஓவியத்தை விடுவித்தது. பணிக்கரின் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையும், ஜானகிராமின் உலோகத் தகட்டுச் சிற்பங்களும், ஹரிதாசனும் சேனாதிபதியும் எஸ். ஜி. வாசுதேவும் விஸ்வநாதனும் கண்டெடுத்த வழிகளும் இந்தச் சூழலோடு சேர்ந்து வளர்ந்தவை. பணிக்கர் 1977இல் மறைந்தார். கிராமம் மறையவில்லை. அவர் மகன் நந்தகோபால் முதலானோர் அதை எடுத்துநடத்தினார்கள். 2009இல் அங்கே தற்காலக் கலை மையம் திறக்கப்பட்டது. இவர்கள் வளர்த்த சென்னை ஓவிய இயக்கத்தின் படைப்புகளை ஒரே கூரைக்கடியில் பார்க்க இன்றும் அங்கேதான் போக வேண்டும்.

இதில் அரசின் பங்கு என்ன? நேரடியாக மிகச் சிறியது. மறைமுகமான பங்கு மிகப் பெரியது. பணிக்கர் அரசுக் கல்லூரியின் முதல்வர். அந்தக் கல்லூரி இல்லையென்றால் அந்த 30 பேரும் ஒருவரையொருவர் சந்தித்திருக்கமாட்டார்கள். பிறகு வந்த மாற்றங்களும் கலைத்துறை செய்தவை அல்ல. கிழக்குக் கடற்கரைச் சாலை அகலமானது. பிறகு சுங்கச்சாலையானது. 2011இல் ஈஞ்சம்பாக்கம் சென்னை மாநகராட்சிக்குள் வந்தது. சவுக்குத் தோப்புகள் பண்ணைவீடுகளாயின, கேளிக்கைப் பூங்காக்கள் வந்தன. மனை விலை கலைஞர்களின் தலைமுறைக்கு எட்டாத உயரத்துக்குப் போனது. 1966இல் பாட்டிக் விற்று வாங்கிய நிலத்தை இன்று ஓவியம் விற்றுக்கூட வாங்க முடியாது. சோழமண்டலம் தப்பித்ததற்கு ஒரே காரணம், நகரம் வருமுன் நிலம் கலைஞர்களின் பெயருக்கு வந்துவிட்டது. அதே சென்னையில் 1977இல் ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறை, தமிழ் நடிப்பையே மாற்றிய அமைப்பு, வாடகை இடங்களில் காலம் தள்ளியது. திறமையிலோ உழைப்பிலோ அது குறைந்ததல்ல. பத்திரம் இல்லை, அவ்வளவுதான்.

நிலம் இருந்தால் போதுமா என்றால், அதற்கும் திருவான்மியூரில் ஒரு விடை இருக்கிறது. ருக்மிணி தேவி 1936இல் தொடங்கிய கலாக்ஷேத்திரம் பரந்த நிலமும் பெரும்பெயரும் கொண்டது. அவர் 1986இல் மறைந்த சில ஆண்டுகளில், 1993ஆம் ஆண்டின் நாடாளுமன்றச் சட்டம் அதைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக்கி மத்திய அரசின் அறக்கட்டளைக்குள் கொண்டுவந்தது. பணம் உறுதியானது, நிலம் காப்பாற்றப்பட்டது. ஆனால் தலைமை யார் என்பதைக் கலைஞர்கள் முடிவுசெய்யும் காலம் முடிந்தது. சோழமண்டலம் ஏழையாகவும் சுதந்திரமாகவும் இருந்தது. கலாக்ஷேத்திரம் பாதுகாப்பாகவும் அரசின் கீழும் இருக்கிறது. இந்த இரண்டுக்கும் இடையில் ஒரு வழி இருக்க முடியாதா என்பதுதான் பண்பாட்டுக் கொள்கை பேச வேண்டிய முதல் கேள்வி என்று நான் நினைக்கிறேன்.

இருக்கும் திட்டங்களும் நிலத்தையே முன்நிபந்தனையாக வைக்கின்றன. கலை அமைப்புகள் கட்டடம் கட்ட மத்திய கலாச்சார அமைச்சகத்தின் உதவித் திட்டம் ஒன்று உண்டு. மாநகரங்களில் ₹50 லட்சம் வரையும் மற்ற ஊர்களில் ₹25 லட்சம் வரையும், மொத்தச் செலவில் 60 விழுக்காட்டுக்கு மிகாமல். மீதியை அமைப்பு போட வேண்டும், நிலமும் அமைப்பின் கையில் இருக்க வேண்டும். மனை இருப்பவருக்கு வீடு கட்ட உதவி. மனையே இல்லாத ஜமாவுக்கு அந்த விண்ணப்பத்தின் முதல் பக்கத்தையே நிரப்ப வழியில்லை. குழுக்களுக்கான இன்னொரு திட்டம், குரு ஒருவர், சிஷ்யர் இத்தனை பேர் என்று ஆள் கணக்கில் மாதத்தொகை தருகிறது. வாடகைக்கும் விளக்குக்கும் அதில் இடம் குறைவு.

கொள்கை கலையின் வடிவத்தையே மாற்றிய காலமும் உண்டு. சங்கீத நாடக அகாடமி 1984 முதல் பத்தாண்டுகள் இளம் நாடகக்காரர்களுக்கு நிதி கொடுத்தது. மரபுக் கலையைப் பயன்படுத்தி நாடகம் செய்ய வேண்டும் என்பது அதன் போக்கு. அதனால் நல்ல நாடகங்கள் வந்தன. கூத்தை நகரத்து நடிகர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதேவேளை, நிதி கிடைக்கும் என்பதாலேயே பறையும் அடவும் பொருத்தமில்லாத கதைகளுக்குள் நுழைந்ததும் நடந்தது. கூத்து நகரத்து நாடகத்துக்கு மூலப்பொருளானது. மூலப்பொருளைத் தந்த ஜமாவுக்கு அதில் பங்கு பிரிக்கப்படவில்லை.

வரியிலும் இதே பார்வைதான். 2017இல் வந்த சரக்கு மற்றும் சேவை வரியில், நாட்டுப்புற அல்லது செவ்வியல் இசை, நடனம், நாடகம் நிகழ்த்தும் கலைஞருக்கு ஒரு நிகழ்ச்சிக்கு ₹1,50,000 வரை விலக்கு உண்டு. ஆண்டு வரவு ₹20 லட்சத்தைத் தாண்டாத சிறு குழுக்களை இந்த வரி தொடுவதே இல்லை என்பதால், இது பலருக்கும் பெரிய சுமை அல்ல. கவனிக்க வேண்டியது வகைப்பாட்டை. நாட்டுப்புறம், செவ்வியல் இரண்டு மட்டுமே கலை. நவீன நாடகம் செய்பவர் எந்தப் பெட்டியில் போவார்? கூத்தின் அடவில் புதுக்கதை சொல்லும் ஜமா நாட்டுப்புறமா, நவீனமா? வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் 2020இல் வந்த திருத்தம், நன்கொடை பெற்ற ஓர் அமைப்பு அதை இன்னொன்றுக்குப் பகிர்வதைத் தடுத்தது. நிர்வாகச் செலவை 50 விழுக்காட்டிலிருந்து 20ஆகக் குறைத்தது. கணக்காளர் இல்லாத சிறு குழுக்கள் பெரிய அமைப்புகள் வழியாகப் பெற்றுவந்த சிறு தொகைகளின் பாதை அத்தோடு அடைபட்டது. கலையைக் குறிவைத்த சட்டமல்ல அது, ஆனால் கலைஞர் அமைப்புகள் அதன் வழியில் நின்றிருந்தன.

இத்தனைக்கும் நடுவில் கூத்துக்காரர்களே அமைப்பாகித் தங்களைக் காத்துக்கொண்ட முயற்சிகள் உண்டு. காஞ்சிபுரத்தில் 1990இல் பெ. ராஜகோபாலும் ஹன்னே டி ப்ரூயினும் சக கலைஞர்களோடு கட்டைக்கூத்துச் சங்கத்தைத் தொடங்கினார்கள். ‘தெருக்கூத்து’ என்ற பெயரில் ‘தெரு’ என்பதை இழிவாகப் பார்க்கிறவர்கள் உண்டு என்பதால், வேடத்தின் மரக்கட்டைகளைக் கொண்டு ‘கட்டைக்கூத்து’ என்று தங்கள் கலைக்குத் தாங்களே பெயரிட்டுக்கொண்டார்கள். பெயரிடும் உரிமையைக் கையில் எடுத்ததே ஒரு கொள்கை முடிவு. 2002இல் புஞ்சரசந்தாங்கல் கிராமத்தில் குருகுலம் தொடங்கினார்கள். காலையில் பள்ளிப் பாடம், அதோடு கூத்து. ஆண்கள் மட்டுமே கட்டிவந்த வேடங்களைப் பெண்பிள்ளைகள் கட்டினார்கள். எந்த அரசுத் திட்டமும் கேட்காத மாற்றம் அது. உள்ளே இருப்பவர்கள் நினைத்ததால் நடந்தது.

சேலம் பக்கத்தில் மேட்டூர் வட்டத்து ஏர்வாடியில், ‘மணல்வீடு’ சிற்றிதழை நடத்தும் மு. ஹரிகிருஷ்ணன் களரி என்ற பெயரில் தெருக்கூத்து, பாவைக்கூத்துக் கலைஞர்களோடு சேர்ந்து பயிற்சியும் விழாவும் நடத்திவருகிறார். மூத்த வாத்தியார்களை மேடையேற்றி அவர்களுக்கு விருது தருகிறார்கள். மாவட்டத் தலைநகரில் அல்ல, கிராமத்தில். கூத்தாடிகளின் முன்னிலையில், கூத்தாடிகளின் நேரத்தில். இலக்கியச் சிற்றிதழும் கூத்தும் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருப்பது தமிழில் அபூர்வம். சென்னையிலிருந்து பார்த்தால் இது ஓர் ஓரம். கூத்துக்காரருக்கு இது நடுவீடு.

இவ்வமைப்புகள் சட்டத்தின் கண்ணுக்குத் தெரிய வேண்டுமென்றால் 1975ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவாக வேண்டும். ஏழு பேர் வேண்டும், விதிமுறை வேண்டும், ஆண்டுதோறும் பொதுக்குழு, கணக்கு, படிவம். பொறுப்புக்கூறலுக்கு இது வேண்டியதுதான். ஆனால் பருவத்தில் இரவு முழுக்க ஆடி, பகலில் பேருந்தில் தூங்கி, அடுத்த ஊருக்குப் போகும் ஏழு பேர் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தின் கெடு தேதியை எப்படி நினைவில் வைப்பார்கள்? படிப்பும் ஊடகத் தொடர்பும் உள்ள ஒருவர் ஜமாவுக்குள் வந்தால் அமைப்பு பதிவாகிறது. இல்லையென்றால் பதிவாவதில்லை. தமிழ்நாட்டில் பெயர் தெரிந்த கூத்து அமைப்புகளில் இப்படி ஒருவர் இருப்பது தற்செயல் அல்ல.

வெளியுலகில் இதை வேறு வகையில் தீர்த்திருக்கிறார்கள். கனடாவின் வான்கூவரில் 1973இல் எட்டுக் கலைஞர்கள் ஒரு பழைய சங்கக் கட்டடத்தை வாங்கி ‘வெஸ்டர்ன் ஃப்ரண்ட்’ என்ற கூடத்தைத் தொடங்கினார்கள். அந்நாட்டின் கலை மன்றம், கலைஞர்கள் நடத்தும் மையம் என்றே ஒரு வகையை ஏற்று, நிகழ்ச்சிக்கு அல்லாமல் அமைப்பின் ஆண்டுச் செலவுக்கு நிதி கொடுத்தது. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் 2009இல், இடிக்கப்படவிருந்த கேங்கவியர்டல் என்ற பழைய குடியிருப்புக்குள் கலைஞர்கள் புகுந்து கண்காட்சி நடத்தினார்கள். ஊர் அவர்கள் பக்கம் நின்றது. சில மாதங்களில் நகர நிர்வாகம் முதலீட்டாளரிடமிருந்து அந்தக் கட்டடங்களைத் திரும்ப வாங்கியது. இரண்டு இடங்களிலும் பேச்சு இடத்தைப் பற்றியும் ஆண்டுச் செலவைப் பற்றியும்தான். விருதைப் பற்றி அல்ல.

ஏற்காட்டில் ஒரு ஜமாவோ ஓவியர் குழுவோ இன்று ஒரு கொட்டகை போட நினைத்தால் என்ன ஆகும்? மலைப்பகுதிப் பாதுகாப்புக்கான அனுமதி முறைகள் உள்ள வட்டம் இது. மலையைக் காக்க அந்த விதிகள் வேண்டும், அவற்றைத் தளர்த்தச் சொல்லமாட்டேன். ஆனால் அந்த விதிகளோடு விடுதிக்காரரால் போராட முடிகிறது, ஜமாவால் முடியாது. சேலத்து ஆட்சியர் காக்பர்ன் 19ஆம் நூற்றாண்டில் காப்பியைக் கொண்டுவந்த நாளிலிருந்து இந்த மலையில் நிலம் தோட்டக்காரருக்கும், பிறகு பள்ளிகளுக்கும், பிறகு விடுதிகளுக்கும் போயிருக்கிறது. மலையாளி மக்களின் நிலமே சுருங்கியபோது, கலைக்கு மனை கேட்பது மிகையாகக்கூடத் தோன்றலாம்.

அதனால் புது மனை கேட்கவில்லை. கட்டியதைக் கேட்கிறேன். கூத்துப் பருவம் தையில் தொடங்கி ஆடியோடு அடங்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்யும்போது ஜமாவுக்கு வேலையில்லை. வாத்தியார் பையன்களுக்குப் பாடம் சொல்லும் காலம் அது. கிழிந்த துணியைத் தைக்க வேண்டும், கட்டைகளுக்குக் கண்ணாடிச் சில்லு ஒட்ட வேண்டும். சுற்றுலாப் பருவமும் ஏறத்தாழ அதே கணக்குதான். கோடை விழாவின் ஒரு வாரத்துக்காகத் தயாராகும் கலையரங்கத்தை, மழைக்காலத்தின் மூன்று மாதங்களுக்கு மாவட்டத்தின் ஜமாக்களிடம் முறைவைத்து ஒப்படைக்கலாம். மலைக்கிராமத்து இளைஞர்களையும் அதில் சேர்க்கலாம். என்ன பயில்வது, யாரைச் சேர்ப்பது, புதுக்கதை போடுவதா பழைய பாரதமா என்பதை அவர்களே முடிவுசெய்யட்டும். அதிகாரி யாரும் நிகழ்ச்சி நிரல் கேட்கக் கூடாது. மேயில் அந்த ஜமா அதே மேடையில் ஏறும்போது, அரைமணிக்குப் பதில் ஒரே ஓர் இரவையாவது விடியும்வரை கொடுக்க வேண்டும். ஒலி விதிகள் தரும் 15 நாட்களில் ஒன்றை இதற்கு ஒதுக்கி, நள்ளிரவுக்குப் பிறகு ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டு ஆடலாம். ஒலிபெருக்கி வருமுன் கூத்துக்காரர்கள் தொண்டையால்தான் பாடினார்கள். ஏற்காட்டுக் குளிரில், சத்தமில்லாத மலை இரவில், முகவீணையும் வாத்தியாரின் குரலும் வெகுதூரம் போகும்.

அதற்கு முதலில் தேவைப்படுவது ஓர் அறை. மழை ஒழுகாத, பூட்டுள்ள, வேடப்பெட்டியைப் பத்திரமாக வைத்துவிட்டு வீட்டுக்குப் போகக்கூடிய ஓர் அறை. சாவி ஜமாவின் கையில் இருக்க வேண்டும்.